டியூப் உணவும் வென்டிலேட்டரும்: நுரையீரலைக் காப்பாற்றும் வேலைகள் எவை, வெறும் பழக்கமாகிப்போனவை எவை?

ஐசியூ வாசலில் காத்திருக்கும் குடும்பத்தார் நர்ஸைப் பார்த்ததும் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "சிஸ்டர், சாப்பாடு ஏதாவது உள்ளே போகுதா?" போகிறது. மூக்கு வழியாக இரைப்பைக்கு இறக்கிய ரைல்ஸ் டியூபில், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சிரிஞ்ச் வைத்தோ, பம்ப் வைத்து நாள் முழுக்க மெதுவாகவோ போகிறது. போவது நல்லதும்கூட. ரத்த அழுத்தம் ஓரளவு நிலைப்பட்டதும், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் டியூப் உணவைத் தொடங்கிவிட வேண்டும் என்றுதான் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனால் அந்த உணவு வயிற்றிலேயே தங்க வேண்டும், நுரையீரல் பக்கம் போய்விடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது படுக்கைப் பக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவரின் கை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வென்டிலேட்டர் நோயாளிக்கு நாம் செய்யும் வேலைகளில் சில உண்மையிலேயே உயிரைக் காக்கின்றன, சில பல வருடப் பழக்கத்தால் மட்டும் தொடர்கின்றன. சிக்கல் என்னவென்றால், பழக்கத்துக்காகச் செய்பவை சார்ட்டில் எழுத ஒரு கட்டம் இருப்பதால் தவறாமல் நடக்கின்றன, உயிரைக் காப்பவை நேரம் இருந்தால் நடக்கின்றன.

முதலில், ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சாதாரணமாக நமக்குப் புரையேறினால் இருமுகிறோம், குரல்வளை மூடிக்கொள்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அந்தக் காவல் எதுவும் இல்லை. குரல் நாண்களுக்கு நடுவே வென்டிலேட்டரின் மூச்சு டியூப் இருப்பதால் குரல்வளை மூடவே முடியாது, மயக்க மருந்து இருமலை அடக்கிவிடுகிறது, ஃபென்டனில் போன்ற வலி மருந்துகள் இரைப்பையை மந்தமாக்குகின்றன. உணவுக் குழாயின் அடிவாயில் வழியாக ரைல்ஸ் டியூப் போவதால் அந்த வாயிலும் சரியாக இறுகாது. மூச்சுக் குழாயில் இருக்கும் டியூபின் நுனியருகே கஃப் என்று ஒரு சின்ன பலூன் உண்டு, எல்லாவற்றையும் அது தடுத்துவிடும் என்று நினைக்கிறோம். தடுப்பதில்லை. வாயிலிருந்து இறங்கும் எச்சிலும் வயிற்றிலிருந்து ஏறி வரும் நீரும் கஃபுக்கு மேலே குட்டையாகத் தேங்கி, கஃபின் மடிப்புகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கசிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் வராது.

இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதை அளந்து காட்டியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகச் செவிலியப் பேராசிரியர் நார்மா மெத்தனி. டியூப் உணவு பெற்ற 360 வென்டிலேட்டர் நோயாளிகளின் மூச்சுக் குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்த சளியில் பெப்சின் இருக்கிறதா என்று சோதித்தார். பெப்சின் இரைப்பையில் சுரக்கும் நொதி, மூச்சுக் குழாயில் அதற்கு வேலையே இல்லை. 2006-ல் வெளிவந்த முடிவின்படி கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு முறையாவது பெப்சின் இருந்தது, எடுத்த மாதிரிகளில் 31 சதவீதத்தில் இருந்தது. அப்புறம் அவரே தலைப்பக்கத்தை உயர்த்துவது, டியூபின் முனையைச் சிறுகுடலுக்குள் கொண்டுபோவது, வயிற்றில் தேங்கினால் என்ன செய்வது என்று ஒரு முறை வகுத்து, நர்ஸ்களைக்கொண்டு நடத்திப் பார்த்தார். முன்பு அதே மாதிரி இருந்த நோயாளிகளோடு ஒப்பிட்டால், வயிற்று நீர் நுரையீரலுக்குப் போனவர்கள் 88 சதவீதத்திலிருந்து 39 ஆகவும், நிமோனியா 48-லிருந்து 19 ஆகவும் குறைந்திருந்தது. புது மருந்து எதுவும் கிடையாது.

அந்த முறையில் முதலில் வருவது தலைப்பக்கத்தை உயர்த்துவது. கேட்க ரொம்பச் சின்ன விஷயம். 1999-ல் பார்சிலோனாவில் நடந்த ஆய்வில் 86 நோயாளிகளை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை மல்லாக்கவும் இன்னொரு பகுதியை 45 டிகிரி சாய்விலும் வைத்தார்கள். மல்லாக்கப் படுத்தவர்களில் 34 சதவீதத்துக்கு நிமோனியா சந்தேகம், சாய்ந்திருந்தவர்களில் 8 சதவீதத்துக்கு மட்டும். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். நமக்கு முக்கியமான எண் அதற்குள்ளே இருக்கிறது: மல்லாக்கப் படுத்திருந்து, டியூப் உணவும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு நிமோனியா வந்திருந்தது. அதாவது டியூப் உணவு தனியாக இருந்தால் சமாளிக்கலாம், படுத்த நிலையோடு சேர்ந்தால்தான் வினை.

சரி, 45 டிகிரி என்று ஆர்டர் எழுதிவிட்டால் போதுமா? நெதர்லாந்தில் அதைச் செய்து பார்த்தார்கள். 2006-ல் வந்த அந்த ஆய்வில் படுக்கையில் கருவி பொருத்திக் கோணத்தைத் தொடர்ந்து அளந்தபோது, 45 டிகிரி என்று ஒதுக்கப்பட்டவர்களின் சராசரி முதல் நாள் சுமார் 28, ஏழாம் நாள் சுமார் 23 டிகிரி. நிமோனியாவிலும் வித்தியாசம் வரவில்லை. இதைப் படிப்பவர்கள் "அப்போ சாய்த்து வைத்துப் பயனில்லை" என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. சாய்த்து வைக்க முடியவில்லை என்பதுதான் அதிலிருந்து தெரிவது. ஐசியூவில் வேலை செய்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. தலையை உயர்த்திய பத்தாவது நிமிடத்தில் நோயாளி வழுக்கிக் கீழே வந்துவிடுவார், இடுப்பு மடியும் இடத்தில் இல்லாமல் முதுகு மடியும் இடத்தில் கட்டில் வளைந்திருக்கும், கட்டில் 35 காட்டும், நெஞ்சு 15-ல் இருக்கும். அப்படி வழுக்கும்போது முதுகுக்குக் கீழே, திரிக எலும்பின் மேலுள்ள தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகர்வதால் படுக்கைப்புண்ணுக்கும் அங்கேதான் தொடக்கம்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் இரண்டு பேர் சேர்ந்து நோயாளியை மேலே தூக்கி, இடுப்பு கட்டிலின் மடிப்பில் சரியாக உட்காரும்படி வைக்க வேண்டும். அப்புறம் முழங்கால் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். கடைசியில்தான் தலைப்பக்கம். கோணத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது, கண் எப்போதும் கூடுதலாகவே காட்டும். கட்டிலில் கோணமானி இருந்தால் அதைப் பார்த்து 30-க்குக் குறையாமல் வைக்க வேண்டும். முதுகுத்தண்டில் அடிபட்டவரை இடுப்பில் மடக்க முடியாது, அவருக்கு முழுக் கட்டிலையும் தலைப்பக்கம் மேலாகச் சாய்க்கலாம். பக்கம் திருப்ப, விரிப்பு மாற்ற, எக்ஸ்ரே தட்டு வைக்க, சிடி ஸ்கேனுக்குக் கொண்டுபோக எப்போது படுக்கையைத் தாழ்த்தினாலும் அதற்கு முன்பே உணவை நிறுத்தி, வாயையும் தொண்டையையும் சக்‌ஷன் செய்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் உயர்த்த மறந்துவிடுவதும், உயர்த்திவிட்டுப் பம்பை ஆன் செய்ய மறந்துவிடுவதும்தான் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நடக்கும் தவறுகள்.

டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்பது அடுத்தது. சிரிஞ்சில் காற்றை வேகமாக உள்ளே தள்ளி, வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்து "புஸ்" என்று கேட்டால் வயிற்றில் இருக்கிறது என்று நம்மில் பலர் படித்தோம், இன்றும் பல இடங்களில் அதுதான் நடக்கிறது. அது நம்பத் தகுந்ததல்ல. டியூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றுப் பக்கம் கேட்கும். இந்த முறையை மட்டும் நம்பி உணவு செலுத்தி நோயாளிகள் இறந்த பிறகுதான் பிரிட்டனில் 2005-ல் அதைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கை வந்தது. மூச்சுக் குழாயில் ஏற்கெனவே டியூப் இருக்கிறதே, ரைல்ஸ் டியூப் எப்படி அதற்குள் போகும் என்று கேட்கலாம். போகும், கஃபைத் தாண்டியே போகும், மயக்கத்தில் இருப்பவர் இருமிக் காட்டவும் மாட்டார்.

புதிதாக டியூப் போட்டால் முதல் உணவுக்கு முன் எக்ஸ்ரே, அதில் பேரமில்லை. அதன் பிறகு மூக்கு ஓரத்தில் எத்தனை செ.மீ. குறி தெரிகிறது என்று எழுதி வைத்து, ஒவ்வொரு ஷிஃப்டிலும், ஒவ்வொரு வாந்திக்குப் பிறகும், பலமாக இருமிய பிறகும் பார்க்க வேண்டும். உறிஞ்சி எடுத்த நீரின் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடினால் இது குறையும்) 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் வயிறு என்று கொள்ளலாம், ஆனால் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போகும் நோயாளியில் அந்த எண் ஏறிவிடும், அப்போது சந்தேகம் இருந்தால் திரும்பவும் எக்ஸ்ரேதான். உணவில் நீலச் சாயம் கலந்து, சளி நீலமாக வருகிறதா என்று பார்க்கும் வழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. அந்தச் சாயம் நோயுற்ற குடல் வழியாக ரத்தத்தில் கலந்து இறப்புகளும் நேர்ந்ததாகத் தெரியவந்து, 2003-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அதை யாரும் இனி செய்யக் கூடாது.

இப்போது கொஞ்சம் சண்டைக்குரிய விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நாலு மணிக்கு ஒருமுறை உறிஞ்சிப் பார்ப்பது. 150 மி.லி. வந்தால் நிறுத்து, 200 வந்தால் நிறுத்து, அடுத்த வேளையைத் தள்ளிப்போடு என்று ஒவ்வொரு ஐசியூவுக்கும் ஒரு எண் உண்டு. பிரான்சில் ஒன்பது ஐசியூக்களில் 449 நோயாளிகளை வைத்து நடத்தி, 2013-ல் வெளிவந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்கு மிச்சத்தைப் பார்க்கவே இல்லை, வாந்தி வந்தால் மட்டும் நடவடிக்கை. இன்னொரு பகுதியினருக்கு 250 மி.லி. எல்லை வைத்து வழக்கம்போல் பார்த்தார்கள். வென்டிலேட்டர் நிமோனியா முதல் பகுதியில் 16.7 சதவீதம், இரண்டாவதில் 15.8. கிட்டத்தட்ட ஒன்றுதான். வாந்தி மட்டும், பார்க்காத பகுதியில் கூடுதலாக இருந்தது, ஆனால் நிமோனியாவை அது கூட்டவில்லை. 2016-ல் அமெரிக்க வழிகாட்டுதல், மிச்சத்தை வழக்கமாகப் பார்க்க வேண்டாம், பார்த்தே ஆக வேண்டுமென்றால் வேறு அறிகுறி இல்லாதபோது 500 மி.லி.க்குக் குறைவாக இருப்பதற்காக உணவை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இதை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம், மிச்சம் பார்ப்பதால் வரும் நஷ்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒரு வேளை உணவு போகிறது. காலையில் ஸ்கேனுக்காக நிறுத்தியது, மதியம் மிச்சம் 180 என்று நிறுத்தியது, மாலை திருப்பிவிடும்போது நிறுத்தியது எல்லாம் சேர்ந்தால் ஆர்டரில் எழுதிய கலோரியில் பாதிதான் போயிருக்கும், அப்படியே ஒரு வாரம் போனால் வென்டிலேட்டரிலிருந்து எடுக்கும் நாளில் மூச்சுத் தசைக்கு வலுவே இருக்காது. நர்ஸின் நேரமும் போகிறது, திரும்பத் திரும்ப உறிஞ்சுவதால் டியூபும் அடைத்துக்கொள்கிறது.

ஆனால் மிச்சம் பார்ப்பதை விட்டுவிட்டு எதையுமே பார்க்காமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இறுகி உப்பியிருக்கிறதா, நேற்றைவிடப் பெரிதாக இருக்கிறதா, அழுத்தினால் முகம் சுளிக்கிறாரா, மலம் காற்று போகிறதா, வாயோரம் உணவு வழிகிறதா. ரத்த அழுத்த மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போகும் நோயாளிக்கு வயிறு உப்பினால் அது குடலுக்கு ரத்தம் போகவில்லை என்பதன் முதல் அறிகுறியாக இருக்கலாம், உணவை நிறுத்தி டாக்டரை உடனே கூப்பிட வேண்டிய நேரம் அது. அந்தப் பிரெஞ்சு ஆய்வில் சமீபத்தில் வயிற்று ஆபரேஷன் ஆனவர்களைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், அவர்களுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது.

அப்படி மிச்சமாகும் நேரத்தை எங்கே செலவிடலாம்? வாயில். பல் தேய்ப்பதைப் போல மலிவான, நிரூபணமான, ஆனால் முதலில் கைவிடப்படும் வேலை ஐசியூவில் வேறில்லை. பல்லில் படியும் படலத்தில் நோய்க்கிருமிகள் குடியேறி, எச்சிலோடு இறங்கி கஃபைக் கடக்கின்றன. 15 ஆய்வுகளைத் தொகுத்து 2023 இறுதியில் வந்த ஓர் அலசல், தினமும் பிரஷ்ஷால் பல் தேய்ப்பது மருத்துவமனையில் வரும் நிமோனியாவைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாகக் காட்டியது. பலன் அதிகம் கிடைத்தது வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு. பஞ்சை மருந்தில் நனைத்து உதட்டைத் துடைப்பது இதற்கு ஈடாகாது, பல்லில் படிந்த படலத்தைப் பிரஷ்தான் எடுக்கும். குளோரெக்சிடின் வாய் கழுவும் மருந்து பல வருடங்கள் கட்டாயமாக இருந்தது. இறப்பைக் கூட்டக்கூடும் என்ற சந்தேகம் தொகுப்பு ஆய்வுகளில் எழுந்த பிறகு, 2022 அமெரிக்க வழிகாட்டுதல் பல் தேய்க்கச் சொல்கிறது, குளோரெக்சிடினை வேண்டாம் என்கிறது. நம் ஊர் ஐசியூ சார்ட்டுகள் பலவற்றில் இன்னும் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது.

எப்படித் தேய்ப்பது என்பதும் விஷயம். தலை உயர்ந்திருக்க வேண்டும், கஃப் அழுத்தத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். குழந்தைகளுக்கான சின்ன, மென்மையான பிரஷ் போதும். ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் சக்‌ஷன், டியூபைப் பிடிக்க இன்னொருவர். தேய்த்து முடித்ததும் டியூபை வாயின் மறு ஓரத்துக்கு மாற்றிக் கட்டினால் உதட்டோரம் புண் வராது. கஃப் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் கசியும், கூடினால் மூச்சுக் குழாயின் உள்தோலுக்கு ரத்தம் போகாமல் புண்ணாகும். வெளியே தொங்கும் குட்டி பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்பதற்குப் பதிலாக மானி வைத்து அளக்க வேண்டும், ஒரு வார்டுக்கு ஒரு மானி வாங்குவது பெரிய செலவில்லை. கஃபுக்கு மேலே தேங்குவதை உறிஞ்சத் தனி வழி வைத்த டியூப்களும் உண்டு. விலை கூடுதல், ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வென்டிலேட்டர் தேவைப்படும் என்று தெரிந்தவருக்குப் போடத் தகுந்தவை.

உணவைப் பற்றியும் கொஞ்சம். ஐரோப்பிய வழிகாட்டுதல், சிரிஞ்சில் ஒரே வீச்சில் கொடுப்பதைவிடத் தொடர்ந்து மெதுவாகக் கொடுப்பதே நல்லது என்கிறது. பம்ப் இல்லாத இடத்தில் சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, உயர்த்திப் பிடித்து, தானாக இறங்கவிட வேண்டும், தண்டை வைத்துத் தள்ளவே கூடாது. பொடியைக் கரைத்த உணவு நாலு மணி நேரத்துக்கு மேல் தொங்கக் கூடாது, நம் ஊர் வெக்கைக்கு இன்னும் சீக்கிரமே மாற்றுவது நல்லது. வீட்டிலிருந்து வரும் கஞ்சியும் இளநீரும் தனிப் பிரச்சினை. அன்போடு கொண்டுவருகிறார்கள், புரிகிறது, ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாத நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே நிறுத்தலாம். மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தனியாகப் பொடித்து, முன்னும் பின்னும் தண்ணீர் விட வேண்டும், மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. வலிப்பு மருந்தான ஃபெனிட்டாய்ன் உணவோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஏறாமல் வலிப்பு திரும்பும்.

உணவு நின்றால் இன்சுலினும் நிற்க வேண்டும், அல்லது குறைய வேண்டும். இதை ஒரு தனிப் பத்தியாக எழுதக் காரணம், இதைத் தவறவிட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சீக்கிரமே இறங்கிவிடும் என்பதுதான். டியூப் வெளியே வந்துவிட்டது, எக்ஸ்ரேக்குக் காத்திருக்கிறோம், இன்சுலின் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மயக்கத்தில் இருப்பவர் வியர்க்கிறது, படபடக்கிறது என்று சொல்ல முடியாது.

பல நாள் பட்டினி கிடந்தோ, குடியால் உடல் தேய்ந்தோ வந்தவருக்கு எடுத்த எடுப்பில் முழு அளவு உணவு கொடுத்தால் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் ரத்தத்தில் சடாரென்று இறங்கும். முதலில் தயமின் (வைட்டமின் பி1), அப்புறம் குறைந்த அளவில் உணவு, தினமும் ரத்தப் பரிசோதனை. வயிற்றுப்போக்கு வந்தால் உடனே உணவைக் குறை சொல்ல வேண்டாம். சார்பிட்டால் என்ற இனிப்பு கலந்த சிரப்புகளும் ஆன்டிபயாட்டிக்கும்தான் பெரும்பாலும் காரணம். மூக்கில் பிளாஸ்திரி ஒட்டும் இடத்தைத் தினமும் மாற்றி ஒட்ட வேண்டும்.

இவ்வளவையும் ஒருவர் செய்ய முடியுமா? ஒரு நோயாளிக்கு ஒருவர் இருந்தால் முடியும். இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறியும் ஐசியூவில் ஒரு படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்பதுதான். நிஜத்தில் ஒருவர் இரண்டு மூன்று வென்டிலேட்டர்களைப் பார்க்கிறார், அதிலும் பாதி நேரம் எழுதுவதில் போகிறது. பல் தேய்ப்பதும் இடுப்பைச் சரியாக உட்காரவைப்பதும் இரண்டு பேர் வேலை. ஆள் போடாமல் "நிமோனியா ஏன் வந்தது" என்று நர்ஸைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பது அநியாயம், அதைச் சத்தமாகவே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடுப்பு, மூச்சு டியூபைச் சீக்கிரம் எடுப்பது. தினமும் காலையில் மயக்க மருந்தை நிறுத்தி நோயாளியை எழுப்பிப் பார்த்த 2000-ஆம் ஆண்டு சிகாகோ ஆய்வில் வென்டிலேட்டர் நாட்கள் 7.3-லிருந்து 4.9 ஆகக் குறைந்தன. எடுக்கும் நாளிலும் ஒரு பழைய பழக்கம் குறுக்கே வரும்: ஆறு மணி நேரம் பட்டினி போடுவது. 22 பிரெஞ்சு ஐசியூக்களில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், கடைசிவரை உணவு கொடுத்தவர்களுக்கும் பட்டினி போட்டவர்களுக்கும் மறுபடி டியூப் போட வேண்டி வந்தது கிட்டத்தட்ட ஒரே அளவில்தான்.

டியூபை எடுத்த பிறகு வேறு அவசரம் தொடங்கும். குரல் வந்ததும் தண்ணீர் கேட்பார், வீட்டார் ஃபிளாஸ்கில் காபியோடு நிற்பார்கள். பல நாள் டியூப் இருந்த தொண்டைக்கு விழுங்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கும், இருமல் வராமலே புரையேறும். நேராக உட்காரவைத்து, குரல் தெளிவாக இருக்கிறதா, சொன்னால் பலமாக இருமுகிறாரா என்று பார்த்து, ஒரு டீஸ்பூன் தண்ணீரில் தொடங்க வேண்டும். குடித்ததும் குரல் நீர் தளும்புவதுபோல் மாறினாலோ இருமினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, விழுங்குவதைச் சோதிக்கும் தெரபிஸ்ட் வந்து பார்க்கும்வரை ரைல்ஸ் டியூப் இருந்துவிட்டுப் போகட்டும்.